அக்கரைக்குப் போன படகுத்துறை

வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு எங்கள் படகுக் கழகத்தின் படகுத்துறையைக் காணவில்லை. ஒரு துடுப்போ வாளியோ காணாமல் போவது எங்களுக்குப் பழக்கம்தான். இது பன்னிரண்டு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், அடியில் பதினாறு மிதவைகள், மேலே போன வருடம்தான் நாங்கள் முதுகு ஒடிய மாற்றிய புதுப் பலகைகள்.

முதலில் பார்த்தவள் நான். மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும்போது படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சைக்கிளை மெதுவாக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். அன்றும் பார்த்தேன். கரையிலிருந்து இறங்கும் சாய்பாலம் இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு அன்னம் நீந்திக்கொண்டிருந்தது. ராத்திரி அடித்த மேற்குக் காற்றில் பாதி ஊரின் குப்பைத்தொட்டிகள் உருண்டிருந்தன. துறையும் கிளம்பிவிட்டது போல.

எப்பேவுக்குப் போன் செய்தேன். கழகத்தின் படகு, துடுப்பு, கயிறு, வாளி, துறை எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் அவர்தான்.

"எப்பே, துறை இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. போயிடுச்சு."

"கடைசியா எடுத்தவங்க நோட்டுல கையெழுத்துப் போட்டாங்களா?" என்றார்.

எப்பே கிராகெலுண்ட் நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தவர். அந்தக் காது இப்போது முழுவதும் எங்கள் படகுகளுக்குத்தான். கரையில் நின்றபடியே, "மூணாவது சீட்டு, வலது பக்கம், எண்ணெய் கேக்குது" என்பார். போய்ப் பார்த்தால் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். காதில் படாதது எதற்கும் அறிவிப்பு எழுதி ஒட்டுவார். துடுப்பு அடுக்கின் மேல் ஒன்று: "இரண்டு துடுப்பைச் சேர்த்துத் தூக்குபவருக்கு நான்கு கைகள் இருக்க வேண்டும்." சமையலறையில் ஒன்று: "இந்தப் பஞ்சு படகுக்கு. அந்தப் பஞ்சு கோப்பைக்கு. வித்தியாசம் தெரியாதவர்கள் எப்பேவைக் கேட்கவும்." கழிப்பறையில், "வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும்." அதன் கீழே பென்சிலில், "அணைத்தேன். உள்ளே இருந்தவர் கத்துகிறார்" என்று எழுதியிருக்கும். பென்சிலில் எழுதியது ட்ரோல்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ட்ரோல்ஸ் பஸ் ஓட்டுகிறவன். ஐம்பத்துநான்கு வயது, கதவு அகலத்துக்குத் தோள். எங்கள் கழகத்தில் அவனைப் போலத் துடுப்பு வலிக்க ஆள் கிடையாது. அவனைப் போல வாழைப்பழத் தோலைப் படகுக்குள் மறந்துவிட்டுப் போகவும் ஆள் கிடையாது. எப்பேவும் அவனும் சந்தித்தால் முதல் வார்த்தையே சண்டைதான். அதில் இருவருக்கும் ஒரு சுகம் இருந்தது. ஒருவர் வராத நாளில் மற்றவர் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். நான் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரு முறைகூட நடுத்தண்ணீரில் எங்கள் படகு ஒழுகியதில்லை, ஒரு துடுப்பு முறிந்ததில்லை. அறுபது பேருக்குப் பொதுவான ஒன்பது படகுகள். ஓட்டும்போது எல்லோருடையதும், கழுவும்போது பார்த்தால் எப்பேவுடையது.

அன்று மாலை வேலை முடிந்ததும் பதினைந்து பேர் கரையில் கூடினோம். கழகத் தலைவி தோவெ முன்னால் நின்றாள். அவள் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவள்; யார் பதறினாலும் அவள் பதற மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இந்த வருஷப் படகோட்டத்தத் தொடங்குற கொடியேத்தம்," என்றாள். "புதுசா சேர்றவங்க பதினொரு பேர் வர்றாங்க. துறை இல்லாம எப்படிப் படகு எறக்குறது? அத விடு, மொதல்ல அது எப்படிப் போச்சு?"

போன சனிக்கிழமைதான் தண்ணீரில் இறக்கிய துறையை நான்கு சங்கிலிகள் தண்ணீருக்குள் நடப்பட்ட தூண்களோடு பிணைத்திருந்தன. ஒவ்வொரு சங்கிலியின் முனையிலும் ஒரு இரும்பு வளையம், வளையத்துக்குக் குறுக்கே ஒரு திருகாணி. அலையில் ஆடி ஆடி அந்தத் திருகாணி கழன்றுவிடும். கழலாமல் இருக்க அதைக் கம்பியால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு மூலை கழன்றால் போதும், துறை திரும்பித் திரும்பி மற்ற சங்கிலிகளையும் தூணின் மேல் வழியாக உருவிக்கொண்டு போய்விடும். அப்படித்தான் ஆகியிருந்தது. மூன்று தூண்களின் தலையில் உரசிய தடம் இருந்தது. நான்காவது, வெளிக்கோடித் தூண் மட்டும் சுத்தமாக இருந்தது.

"வெளித் தூணு," என்றார் எப்பே. கண்ணாடியைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல். "சனிக்கிழம அந்த வளையத்த மாட்டுனது ட்ரோல்ஸ்."

எல்லோரும் ட்ரோல்ஸைப் பார்த்தோம்.

"ஆமாப்பா, மாட்டுனது நான்தான்," என்றான் அவன். "இப்ப மாட்டிக்கிட்டதும் நான்தான்."

சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அவன் காதுகள் சிவந்திருந்தன.

மறுநாள் கொட்டகைக் கதவில் புது அறிவிப்பு. "ஒரு வளையம், ஒரு கம்பி, ஒரு நிமிடம். இதற்கு நேரமில்லாதவர்கள் துறை வேலைக்கு வர வேண்டாம்." பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பார்த்தேன். அதன் கீழே பென்சில் எழுத்து எதுவும் இல்லை. ட்ரோல்ஸுக்கு உண்மையிலேயே மனசு வலித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதே மாலை தோவெயின் போனுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் துறை. அதன் மேல் குளித்துவிட்டுத் துண்டு கட்டிய ஆறு பேர், கையில் காப்பிக் கோப்பையோடு. நடுவில் ஒரு தோட்ட நாற்காலி. நாற்காலியில் கம்பளித் தொப்பியும் குளியல் அங்கியுமாக ஒரு பெண்மணி. பின்னால் நார்ஹாலே தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்.

"ஐயோ," என்றாள் தோவெ. "குட்ருன் கைலயா போய்ச் சேந்துச்சு!"

நார்ஹாலே எங்களுக்கு நேர் எதிர்க்கரை. நடுவில் இரண்டு கிலோமீட்டர் ஃபியோர்டு, நிலத்துக்குள் நீளமாக நுழைந்த கடல். அங்கேயும் ஒரு படகுக் கழகம், எங்களைவிடச் சின்னது. இரண்டு கழகங்களும் சேர்ந்து படகு ஏற்றிப்போகும் இழுவை வண்டி ஒன்று வைத்திருக்கிறோம். அந்த ஒரு வண்டிக்கு எப்பே பதினோரு பக்கத்தில் விதிமுறை எழுதி அக்கரைக்கு அனுப்பியிருந்தார். போன கோடையில் வண்டி சக்கரத்தில் சேறோடு திரும்பி வந்தது. அதற்கு நான்கு புகைப்படங்களும் "பொதுக் கருவி இழப்பு, சேத அறிக்கை" என்ற படிவமும் எப்பேவிடமிருந்து போயின. நார்ஹாலேயின் கருவிப் பொறுப்பாளர் குட்ருன் அதற்குப் பதில் போடவே இல்லை. முப்பது வருடம் கார் ஏற்றும் ஃபெரியில் துணை மாலுமியாக இருந்தவள். சரியான காற்றுக்குக் காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

படத்தோடு வந்த செய்தியைத் தோவெ உரக்கப் படித்தாள்: "ஒரு துறை கிடைத்துள்ளது. பெயர்ச்சீட்டு இல்லை. உரிமை கோருபவர் விதிமுறை பக்கம் ஏழின்படி நேரில் வந்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும். குளிப்பவர்கள் ஏணி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு நன்றி தேவையில்லை."

எப்பே தோவெயின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "துறை மேல நாற்காலி போடக் கூடாது," என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு படகில் கிளம்பினோம். துறை இல்லாமல் படகை இறக்குவது பெரும்பாடு. கற்கள் மேல் படகு உட்காரக் கூடாது என்பது எப்பேவின் சட்டம். எனவே தொடை வரை தண்ணீருக்குள் இறங்கிப் படகைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றோம். ஏப்ரல் மாதத் தண்ணீர். ஏறுவதற்குள் எனக்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

தோவெ நான்கு துடுப்புப் படகில் நான்கு பேரோடு போனாள். இரண்டு துடுப்புப் படகில் நாங்கள் மூவர். பின்கோடியில் சுக்கான் பிடித்துக்கொண்டு எப்பே. அவருக்கு முட்டியோடு முட்டி இடிக்க, அவரைப் பார்த்தபடி ட்ரோல்ஸ். துடுப்பு வலிப்பவர்கள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், வேறு வழியில்லை. ட்ரோல்ஸின் முதுகுக்குப் பின்னால் நான். இரண்டு கிலோமீட்டர் முழுக்க அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஏற்பாடு தோவெயுடையது. தற்செயல் என்று அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள்.

"கொஞ்சம் இடது," என்றார் எப்பே.

"எந்த இடது? உன் இடதா, என் இடதா?" என்றான் ட்ரோல்ஸ். "எதுவா இருந்தாலும் தப்பு என்னோடதுதான், தெரியும். சும்மா கேட்டு வச்சேன்."

"படகோட இடது."

"படகுகிட்டயே சொல்லு அப்ப. அதாவது உன் பேச்சக் கேக்கும்."

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வாங்க," என்றேன் நான். "எனக்குக் குளுருது."

அதன் பிறகு நார்ஹாலே வரைக்கும் துடுப்புச் சத்தம் மட்டும்தான்.

குட்ருன் கரையில் அதே குளியல் அங்கியோடு நின்றாள். அடியில் ரப்பர் பூட்ஸ். கையில் அட்டை, அட்டையில் படிவம்.

"வாங்க வாங்க! வண்டிச் சக்கரம் துடைக்கத் துணி கொண்டாந்தீங்களா?" என்று கத்தினாள். பின்னால் துண்டு கட்டியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நார்ஹாலே முழுவதுமே அன்று குளிக்க வந்திருந்தது என்று நினைக்கிறேன்.

எப்பே தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். "இது வண்டிக்கு உள்ள படிவம்."

"பக்கம் ஏழு. 'வண்டி மற்றும் பிற பொதுக் கருவிகள்.' பிறன்னு போட்டது நானா?"

"நான்தான்."

"பிறகென்ன. உக்காந்து நிரப்பு. தெளிவான கையெழுத்துல. அது பக்கம் எட்டு."

எப்பேவின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பதினோரு பக்கத்தையும் உலகத்தில் ஒருத்தி படித்திருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. மீசை ஓரத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

கொட்டகை வாசலில் இருந்த மேசையில் உட்கார்ந்தார். குட்ருன் அவர் முன்னால் சங்கிலிகளை வரிசையாகப் போட்டாள். "துறையோடயே வந்துச்சு. மூணு வளையத்துல கம்பி இருக்கு, அழகா மூணு சுத்து. நாலாவதுல கம்பியும் இல்ல, ஆணியும் இல்ல."

"தெரியும்," என்றார் எப்பே. பென்சில் எடுக்க மேல்சட்டைப் பையில் கைவிட்டார். அதே வேலைச் சட்டைதான். துறை வேலைக்கும் அதுதான், கொடியேற்றத்துக்கும் அதுதான். பென்சிலோடு ஒரு கம்பித் துண்டும் வெளியே வந்தது.

அளவெடுத்து வெட்டிய துண்டு. ஒரு முனை வளைத்திருந்தது. எப்பே எப்போதும் முன்கூட்டியே வெட்டி, ஒரு முனையை வளைத்துத் தயாராக வைத்துக்கொள்வார். போன சனிக்கிழமை நான்கு வெட்டினார், என் கண்ணெதிரேதான்.

எனக்கு அந்தச் சனிக்கிழமை அப்படியே திரும்பி வந்தது. ட்ரோல்ஸ் மார்பு வரை தண்ணீரில் நின்று சங்கிலியைத் தாங்கிப் பிடித்திருந்தான். வளையத்தை மாட்டி ஆணியைத் திருகிவிட்டான். எப்பே துறை ஓரத்தில் மண்டியிட்டுக் கம்பியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒருத்தி இரண்டு துடுப்புகளைச் சேர்த்து அள்ளிக்கொண்டு, அவற்றின் தட்டை முனையான அலகு சரளைக்கல்லில் உரச உரச இழுத்து வந்தாள். "டாக்னி! அலகு! அலகு!" என்று கத்திக்கொண்டு எப்பே எழுந்து ஓடி வந்தார். அந்த ஒருத்தி நான்தான். பத்து நிமிடம் திட்டு வாங்கினேன். பிறகு அவர் நேராக உள்ளே போய் நான்கு கைகள் பற்றிய அறிவிப்பை எழுதினார். தண்ணீருக்குள் இருந்து ட்ரோல்ஸ், "எப்பே, இது முடிஞ்சுதா?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எப்பே திரும்பாமலே கையை ஆட்டினார். ட்ரோல்ஸ் முடிந்தது என்று எடுத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எப்பே கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அதைத் திரும்பப் பைக்குள் போட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை. துடுப்பை இழுத்து வந்தவள் நானாயிற்றே.

அவர் அதை மேசை மேல் வைத்தார். பிறகு குனிந்து எழுதினார். நிறைய நேரம் எழுதினார். எழுதி முடித்து அட்டையைக் குட்ருனிடம் நீட்டினார். எனக்கும் தெரிந்தது. பொறுப்பானவர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர். காரணம் என்ற இடத்தில், "வேலையின் நடுவே எழுந்து போனேன். பிறகு வேறொருவரைச் சொன்னேன்."

குட்ருன் படித்தாள். ஒன்பது மாதமாகக் காத்திருந்தவள், கிண்டல் செய்ய இதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் படிவத்தை இரண்டாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மொதல்ல காப்பி குடி," என்றாள்.

"அப்புறம்," என்றார் எப்பே. எழுந்து துறையை நோக்கி நடந்தார்.

ட்ரோல்ஸ் துறை மேல் நின்று, குளித்துவிட்டு ஏறியவர்களோடு இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எப்பே வருவதைப் பார்த்ததும் ரொட்டியைக் கொஞ்சம் பின்னால் மறைத்தான்.

"என்ன? துணுக்கு கீழ விழுந்துடுச்சா?"

"கம்பி என் பைல இருந்துச்சு."

"எந்தக் கம்பி?"

எப்பே கையை விரித்துக் காட்டினார். ட்ரோல்ஸ் மென்று விழுங்கினான். கம்பியைப் பார்த்தான், எப்பேவைப் பார்த்தான்.

"நான் ரெண்டு நாளா பஸ் ஓட்டும்போதெல்லாம் அந்த வளையத்தையே நெனச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா?" என்றான். "எங்க விட்டேன், எங்க விட்டேன்னு. நேத்து ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிறுத்தவே இல்ல. ஒரு அம்மா எறங்கும்போது குடையால என் சீட்ட ஒரு போடு போட்டுட்டுப் போச்சு."

"நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. அதுவும் எல்லார் முன்னாடியும்."

"கூடாதுதான்."

துண்டு கட்டியவர்கள் எல்லோரும் தூரத்துக் கரையை உற்றுப் பார்ப்பதுபோல் நின்றார்கள். காதுகள் மட்டும் இந்தப் பக்கம்.

"அந்த அறிவிப்பையும் எழுதிருக்கக் கூடாது," என்றார் எப்பே.

"அது நல்லா இருந்துச்சு. ஒரு வளையம் ஒரு கம்பின்னு எதுகை மோனையோட." ட்ரோல்ஸ் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். "சரி, இன்னொரு தடவ சொல்லு. அக்கரைக்காரங்களுக்குச் சரியா கேக்கலன்னு நெனைக்கிறேன்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். எப்பே விளையாட்டாக எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாட நிற்கும் பையன்போல் நிமிர்ந்து நின்று, "துறை போனதுக்குக் காரணம் எப்பே கிராகெலுண்ட். ட்ரோல்ஸ் இல்ல," என்று கரைக்கே கேட்கும்படி சொன்னார்.

ஒரு கிழவர் கைதட்டினார். தட்டியதில் அவர் துண்டு அவிழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ட்ரோல்ஸ் சிரித்த சிரிப்பில் துறையே ஆடியது. எப்பேவின் முதுகில் ஒரு அடி வைத்தான். அவர் ஏணியைப் பிடித்திராவிட்டால் தண்ணீரில்தான் விழுந்திருப்பார்.

பதினொரு மணிக்கு இழுக்க ஆரம்பித்தோம். எங்கள் இரண்டு படகு போதாது என்று நார்ஹாலேயும் இரண்டு படகு கொடுத்தது. நான்கு படகும் முன்னால் கயிறு கட்டி வரிசையாக நின்றபோது குட்ருன் தோட்ட நாற்காலியைத் துறை நடுவில் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஃபிளாஸ்க்.

"இழுக்கும்போது துறை மேல ஆள் இருக்கக் கூடாது," என்றார் எப்பே.

"எந்தப் பக்கம்?"

எப்பே கொஞ்சம் யோசித்தார். "அது இன்னும் எழுதல."

"எழுதுற வரைக்கும் நான் உக்காந்திருக்கேன். யாராவது பாதை பாக்கணுமில்ல?"

துறையைக் கட்டி இழுத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒரு வீட்டைக் கயிறு கட்டி, வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து காப்பி குடிக்க, நாம் வலிப்பதுபோல. முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. நடுவில் வந்ததும் காற்று பக்கவாட்டில் திரும்பியது. துறையின் பின்புறம் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. ஆடும் பக்கமெல்லாம் எங்களையும் இழுத்தது. ஒரு சிவப்பு மிதவைக் குறி இருக்கிறது நடுவழியில். இருபது நிமிடம் வலித்த பிறகும் அது என் தோளுக்கு நேராகவே இருந்தது. என் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது.

"இப்படியே போனா ஞாயித்துக்கிழமக் கொடிய இங்கதான் ஏத்தணும்!" என்று குட்ருன் நாற்காலியிலிருந்து கத்தினாள்.

எப்பே சுக்கானைப் பிடித்தபடி துறையைத் திரும்பிப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு எதிரில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தவனிடம், "ட்ரோல்ஸ், நீ என்னப்பா நெனைக்கிற?" என்றார்.

என் துடுப்பு ஒரு நொடி நின்றுவிட்டது. பத்தொன்பது வருடத்தில் எப்பே யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை.

ட்ரோல்ஸும் திகைத்துத்தான் போனான். "நானா? நான்... நீள பஸ்ஸு மாதிரிதான் இது. நடுவுல மடங்குற பஸ்ஸு. எல்லாரும் முன்னாடி இழுத்தா பின்னாடி வாலு ஆடும். வாலப் புடிக்க ஆள் வேணும். ரெண்டு படக அவுத்துப் பின் மூலைக்கு ஒண்ணா கட்டிட்டா, அது ஆடுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வலிச்சா போதும்."

"எந்த ரெண்டு படகு?"

"நார்ஹாலேயோடது. அவங்கதான் நமக்குத் தொந்தரவு குடுத்துப் பழக்கப்பட்டவங்க."

"கேக்குது!" என்றாள் குட்ருன்.

மாற்றிக் கட்டினோம். எப்பேவே குனிந்து முடிச்சுப் போட்டார். இந்த முறை யாரோ கயிற்றைத் தண்ணீரில் விட்டபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு துறை அடங்கி வந்தது. ட்ரோல்ஸ் ஒவ்வொரு வலிப்புக்கும் எண்ணிக்கை சொன்னான், நடுநடுவே நிறுத்தங்களின் பெயரையும்: "அடுத்தது தேவாலயம்! அடுத்தது மீன் சந்தை! பின் கதவு வழியா ஏறாதீங்க!" சிவப்புக் குறி மெல்ல மெல்லப் பின்னால் போனது. நாலு மணிக்கு எங்கள் கரை வந்து சேர்ந்தோம்.

தண்ணீரில் இறங்கிச் சங்கிலி மாட்டியது மறுபடியும் ட்ரோல்ஸ்தான். கடைசி வளையத்துக்கு வந்ததும் எப்பே புதுக் கம்பியை அவனிடம் நீட்டினார். "நீயே சுத்து."

ட்ரோல்ஸ் சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. எப்பே பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கைகள் என்ன பாடுபட்டன என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியும்.

"நல்லாருக்கு," என்றார் கடைசியில்.

"முனைய உள்பக்கம் மடிக்கணும்னு சொல்லப் போற."

"சொல்லல."

"சொல்லேன்யா, ஒனக்கு மூச்சு முட்டிடப் போகுது."

"முனைய உள்பக்கம் மடி," என்றார் எப்பே.

ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றத்துக்கு முன்னால் கூட்டத்தில் எப்பே எழுந்து நின்றார். கருவிப் பொறுப்பிலிருந்து தான் விலகிக்கொள்வதாகவும், வேறு யாரையாவது தேர்ந்தெடுக்கும்படியும் சொன்னார். மூன்றே வாக்கியம். உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது எடுத்துக்கறீங்களா?" என்று தோவெ கேட்டாள்.

நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். புதிதாகச் சேர வந்த பதினொரு பேரில் ஒரு பெண் கையைத் தூக்கப் போனாள். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக அவள் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"அப்படின்னா எப்பேவே," என்றாள் தோவெ. "ஆனா தனியா இல்ல. இனிமே எந்த வேலைய முடிச்சாலும் ரெண்டாவது ஆள் ஒருத்தர் பாக்கணும். ட்ரோல்ஸ்?"

"நான் எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"பாக்கறதுன்னா பரவால்ல," என்றான் ட்ரோல்ஸ். "இருபது வருஷமா அவரப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் குட்ருன் நார்ஹாலே ஆட்கள் ஆறு பேரோடு உள்ளே வந்துவிட்டாள். இந்த முறை குளியல் அங்கி இல்லை. கம்பளிச் சட்டையும் நீலக் கழுத்துத் துணியும். ஏணியைத் திரும்பக் கேட்கவில்லை. ஏணிக்குப் பதிலாக எங்கள் பெரிய படகில் ஒரு சுற்று கேட்டாள்.

கொடி ஏறியது. மூன்று முறை ஆரவாரம் செய்தோம். வெயில் இருந்தது, காற்று துளியும் இல்லை. பெரிய படகில் எட்டுப் பேர் ஏறினோம். சுக்கானைக் குட்ருனிடம் கொடுத்துவிட்டு எப்பே துடுப்புக்கு வந்து உட்கார்ந்தார். அவர் துடுப்பு பிடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

துறையை விட்டு நூறு மீட்டர் போவதற்குள் குட்ருன் ஆரம்பித்துவிட்டாள். "எப்பே, நீ பின்தங்குற."

"தெரியுது."

"தெரிஞ்சா ஏன் பின்தங்குற?"

"பேசறவங்க பேச்சக் கேட்டுக்கிட்டே வலிக்கிறதால," என்றார் எப்பே. ட்ரோல்ஸ் சிரித்ததில் அவன் துடுப்பு தண்ணீரை வாரி என் மேல் கொட்டியது.

பறவைத் தீவு வரை போனோம். அங்கே திரும்பியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, யாரும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கலங்கரை விளக்கம் வரை போய்விட்டோம். திரும்பி வந்தபோது பட்டாணி சூப் ஆறிப் போயிருந்தது. எப்பே இரண்டு தட்டு சாப்பிட்டார். படகைக் கழுவ வேண்டியது பற்றி அன்று பிற்பகல் மூன்று மணி வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.